உலக தினங்களை வைத்து சின்னக் கடையில் வியாபாரம் கூட்ட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம் ஸ்டேஷனரி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் நோட்டு, ப்ரவுன் ஷீட், லேபிள் என்று சாப்பிடக்கூட நேரம் இருக்காது. விஜயதசமிக்கு சிலேட்டு போகும், வருடக் கடைசியில் டைரி போகும். மற்ற மாதங்களில் ரீஃபில், ரப்பர், ஜெராக்ஸ் பேப்பர் என்று சில்லறை வியாபாரம்தான். பெரிய நோட்டு ஆர்டர் எல்லாம் பள்ளிகளே மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன.

நாத்தனார் பையன் சென்னையில் மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறான். "அத்தை, வருடம் முழுக்க ஏதாவது ஒரு தினம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி போட்டு வாட்ஸப் ஸ்டேட்டஸ் வை" என்று ஒரு நீளப் பட்டியல் அனுப்பியிருக்கிறான். ஜனவரி 23 கையெழுத்து தினம், மார்ச் 14 பை (π) தினம், ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், அக்டோபர் 1 அஞ்சலட்டை தினம், நவம்பர் முதல் வெள்ளி மைப்பேனா தினம்... இப்படிப் போகிறது.

எனக்கு மூன்று சந்தேகம். நோட்டில் கிடைக்கிற லாபத்தில் பத்து சதவீதம் விட்டால் கையில் என்ன நிற்கும்? இந்தத் தினங்களைக் கேள்விப்பட்டுக்கூட இருக்காத மக்கள் அதற்காகக் கடைக்கு வருவார்களா? செய்வதென்றால் எத்தனை நாளைக்கு முன்பே தயாராக வேண்டும்?

திருச்சி பேனாக்கடை:

அம்மா, தள்ளுபடியை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் மருமகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பத்து சதவீதம் பெரிய ஜவுளிக்கடைக்குத் தாங்கும், நமக்குத் தாங்காது. அறுபது ரூபாய் நோட்டில் ஆறு ரூபாய் குறைத்தால் வாங்குகிறவருக்கு அது கண்ணிலேயே படாது, நமக்கு அன்றைய லாபம் போய்விடும். அந்த ஒரு நாளில் வருகிறவருக்குச் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். வந்து செய்துவிட்டு, அதற்கு வேண்டிய பொருளை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் தினம் பார்த்து ஏற்பாடு செய்வது இந்த ஒரு கணக்கில்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை மைப்பேனா தினம். உலகம் முழுக்க மைப்பேனா பிரியர்கள் 2012 முதல் கொண்டாடுவது. அன்று என் கடையில் விற்பனை அறிவிப்பு எதுவும் கிடையாது. "வீட்டில் பழைய இங்க் பேனா இருந்தால் கொண்டு வாருங்கள், இலவசமாகக் கழுவி, எழுத வைத்துத் தருகிறோம்" என்று ஒரு அட்டை மட்டும் வைப்பேன். வாசலில் ஒரு மேசை, நாலு டம்ளர் தண்ணீர், பழைய காட்டன் துணி, ஒரு இங்க் ஃபில்லர். அவ்வளவுதான் ஏற்பாடு.

வருகிற பேனாவெல்லாம் பீரோவில் வருடக்கணக்காகத் தூங்கினவை. அப்பா ரிட்டயர்மெண்டுக்கு வாங்கியது, அம்மா டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் நாக்கையும் கழற்றித் தண்ணீரில் போட்டால், காய்ந்து கட்டியான மை நூல் மாதிரி இழை இழையாக இறங்கும். ராயல் ப்ளூ என்று நினைத்திருப்பார்கள், உள்ளிருந்து பச்சை வரும். வெந்நீர் மட்டும் விடக் கூடாது, பழைய பேனாக்களில் கழுத்துப் பகுதி வளைந்துவிடும். ஆறின தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினாலே போதும். துடைத்து, மை ஊற்றி, ஒரு தாளைக் கொடுத்து "எழுதிப் பாருங்கள்" என்றால் முக்கால்வாசிப் பேர் போடுவது அவர்களுடைய கையெழுத்தைத்தான். அப்புறம் ஒரு மை பாட்டில் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு ஒரு புதுப் பேனாவும் கேட்பார்கள். அன்றைக்குப் போன மை பாட்டில் தீர்ந்ததும் அதே ஆள் மறுபடி வருவார். எனக்கு அதுதான் வியாபாரம்.

இதில் தேதியைக் கவனிக்க வேண்டும். 2024-ல் அந்த வெள்ளி நவம்பர் 1. முந்தின நாள் தீபாவளி, அன்றைக்கு அரசு விடுமுறையும் விட்டார்கள், ஊரே காலி. 2026-ல் அது நவம்பர் 6, தீபாவளி நவம்பர் 8. அந்த வாரம் யாரும் பேனா கழுவ வரமாட்டார்கள். எல்லோரும் துணியும் பட்டாசும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் அடுத்த வாரம் வைப்பேன். உலகத்தில் என்றைக்குக் கொண்டாடினால் என்ன, என் தெருவில் ஆள் நடமாடும் நாள்தான் எனக்குக் கணக்கு.

உங்கள் பட்டியலில் மார்ச் 14 பை தினம் இருக்கிறது. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவதால் 3/14 என்று வந்து, வட்டக் கணக்கில் வரும் பை (π) மதிப்பான 3.14 ஆகிறது. நாம் 14/3 என்று எழுதுகிறோம், நம் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதோடு அது பொதுத் தேர்வு நேரம். ஆனால் ஜூலை 22 இருக்கிறதே, 22/7! நம் பிள்ளைகள் வட்டத்தின் பரப்பளவு போடுவதே இதை வைத்துத்தான். பள்ளி திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், ஜூனில் வாங்கின காம்பஸ் பாதிப் பிள்ளைகளிடம் தொலைந்திருக்கும் அல்லது திருகாணி கழன்றிருக்கும். கடை வாசலில் வட்டமான பொருள்களை வையுங்கள்: பிஸ்கட் டின் மூடி, வளையல், சிடி, தம்ளர். ஒரு நூலும் ஸ்கேலும் கொடுங்கள். சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள். எந்தப் பொருளை அளந்தாலும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலேயே வருவதைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளை "எப்படி?" என்று கேட்கும். கேட்ட பிள்ளைக்கு ஒரு பென்சில் கொடுங்கள். கணக்கு வாத்தியாரிடம் முன்பே சொல்லிவைத்தால் வகுப்போடு அனுப்புவார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். 2006 முதல் அது கல்வி வளர்ச்சி நாள், பள்ளிகளில் பேச்சு, கட்டுரை, ஓவியம் என்று போட்டி நடக்கும். இதற்கு விளம்பரமே வேண்டாம். என்ன அளவு சார்ட், எந்த மாதிரி கலர் என்று டீச்சர்களிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வைத்தால் போதும். கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவோடு ஓடி வரும் பிள்ளைக்கு உங்கள் கடையில் சார்ட் இருக்க வேண்டும். செப்டம்பர் 11 பாரதியார் நினைவு நாள், பிப்ரவரி 28 அறிவியல் தினம் இரண்டும் இதே வகை. அறிவியல் தினத்தில் எங்கள் ஊர்க்காரர் என்ற பெருமையும் எனக்கு உண்டு: விஞ்ஞானி சி.வி. ராமன் பிறந்தது திருச்சியில், அவர் கண்டுபிடித்த ராமன் விளைவு வந்தது 1928 பிப்ரவரி 28-ல்.

ஜனவரி 23 கையெழுத்து தினத்தை விட்டுவிடுங்கள். பொங்கல் செலவு முடிந்து கை காய்ந்திருக்கும் நேரம் அது. அஞ்சலட்டை தினம் நல்லது, காலாண்டு விடுமுறை ஒட்டி வரும். அட்டை இன்னும் ஐம்பது பைசாதான். ஆனால் தபால் நிலையத்தில் எப்போதும் இருப்பு இருக்காது, முன்பே சொல்லி வாங்கி வையுங்கள். பிள்ளைகள் கடையிலேயே உட்கார்ந்து தாத்தா பாட்டிக்கு எழுதட்டும். ஸ்கெட்ச் பேனா தானாகப் போகும். சாயங்காலம் நீங்களே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுங்கள். ஒரு அட்டைகூடப் போய்ச் சேராமல் இருக்கக் கூடாது, முகவரியையும் பின்கோடையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வருடத்துக்கு நாலு தினம் போதும். வாராவாரம் ஸ்டேட்டஸ் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிவகாசி அச்சகம்:

எத்தனை நாளைக்கு முன்பு என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் (மாதிரிகளின் தொகுப்பு) வெளியாவது ஆடிப்பெருக்கு அன்று. அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதியே அடுத்த வருடத்துக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவோம். நீங்கள் உங்கள் நாலு தினத்தையும் ஆடி மாதமே முடிவு செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு எப்படியும் கடைப் பெயர் போட்ட காலண்டர் கொடுப்பீர்கள். தினசரி கிழிக்கிற காலண்டராக இல்லாமல் மாதக் காலண்டராகக் கொடுங்கள், தேதிக் கட்டத்துக்குள் ஒரு வரி அச்சடிக்க இடம் இருக்கும். ஜூலை 22 கட்டத்தில் "22/7 - நம் கடையில் வட்டம் அளக்கும் நாள்" என்று இருந்தால், பால் கணக்கு எழுதும்போதெல்லாம் அந்த வீட்டு அம்மா கண்ணில் படும். காசு கொடுத்து விளம்பரம் போட்டாலும் சமையலறைச் சுவரில் இடம் கிடைக்காது. தனியாக நோட்டீஸ் அடிக்கிற செலவும் மிச்சம். கட்டத்துக்குள் வாசகம் மாற்றுவதென்றால் காலண்டர் அடித்துத் தருகிறவரிடம் செப்டம்பருக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் எல்லா மெஷினும் ஓட்டத்தில் இருக்கும், சின்ன ஆர்டருக்குப் ப்ளேட் மாற்ற யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கும்பகோணம் ஸ்டேஷனரி:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. காலண்டர் கட்டத்தில் அச்சடிக்கும் யோசனையும் அருமை.

இன்னும் இரண்டு விஷயம். அக்டோபர் 2, நவம்பர் 14 இரண்டுக்கும் காந்தி படம், நேரு படம் போட்டு பேனர் வைக்கலாமா? அப்புறம் டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். அவர் வளர்ந்த ஊரே எங்கள் ஊர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது, டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். இங்கே ஸ்டேஷனரி கடை வைத்துக்கொண்டு அன்று ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அது அரையாண்டுத் தேர்வு நேரம். என்ன செய்யலாம்?

மதுரை கணக்காளர்:

பேனர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன், இதில் கவனமாக இருங்கள். காந்தி, நேரு, இந்திரா காந்தி, பிரதமர் ஆகியோரின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ம் வருடத்துச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. காலண்டர் படத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அதுவும் காலண்டர் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் இருந்து, பொருளுக்கு விளம்பரமாக இல்லாதபோதுதான். கடைப் பெயர் போட்டு விளம்பரத்துக்குக் கொடுக்கும் காலண்டரை அந்த விலக்கில் சேர்க்க முடியாது. தேசியக் கொடியும் அப்படியே, கொடியை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது, அதன் மேல் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்று கொடி விதிகளே சொல்கின்றன. நவம்பர் 14-க்குக் குழந்தைகள் தினம் என்று மட்டும் போட்டு, குழந்தைகள் வரைந்த படத்தையே பேனரில் வையுங்கள். படத்தை எடுத்துக்கொள்ள பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலவசம் என்று அறிவித்தால் எத்தனை பேருக்கு, எதுவரை என்று அதே எழுத்து அளவில் போடுங்கள். பொருளைப் போதிய அளவு வைத்துக்கொள்ளாமல் ஆளை இழுக்கும் விளம்பரத்தை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள் தவறு என்கின்றன. ஜி.எஸ்.டி. சாதாரண முறையில் கட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்று: சும்மா கொடுக்கும் பரிசுப் பொருளுக்கு நீங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அதையே "நோட்டும் பேனாவும் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே விலையில் பில் போட்டால் எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஈரோடு ஜவுளி:

ஸ்டேஷனரி எனக்குத் தெரியாது. ஆனால் தினம் வைத்துச் செய்வது நாங்கள் வருடாவருடம் செய்வது. ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம். 1905-ல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் அது, 2015-ல் முதல் விழாவே சென்னையில்தான் நடந்தது. எல்லாக் கடையிலும் ஆடித் தள்ளுபடி ஓடும் நேரம், நாங்களும் போட்டிக்குக் குறைத்தால் தறிக்காரர் கூலியில்தான் கை வைக்க வேண்டிவரும். அதை நான் செய்ய மாட்டேன். அன்று ஒரு நெசவாளர் குடும்பத்தைக் கடைக்கு அழைத்து, ராட்டையில் தார் (நெய்வதற்கான நூல் குழல்) சுற்றிக் காட்டச் சொல்கிறோம். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுவோம். ஒரு பவானி ஜமக்காளத்துக்குப் பின்னால் இவ்வளவு வேலையா என்று பார்த்தவர் விலை பேசுவதில்லை.

இன்னொன்று, யாரோ அறிவித்த தினத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. மார்ச் 30 உலக இட்லி தினத்தை 2015-ல் தொடங்கி வைத்தது சென்னை இட்லிக்காரர் இனியவன்தான். உங்கள் மாமனார் கடை திறந்த தேதி என்ன? பழைய பில் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? எங்கள் கடை ஆண்டு விழாவில் பழைய பில்களைச் சட்டம் போட்டு மாட்டினோம். தன் கல்யாணப் புடவை பில்லைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த பாட்டிகூட உண்டு.

திருச்சி பேனாக்கடை:

ராமானுஜன் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது சிலேட்டு. காகிதம் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தவர். அவர் ஊரில் சிலேட்டு விற்கும் உங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் அம்மா?

தேர்வு நேரம் என்பதால் பிள்ளைகளை நிறுத்திவைக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். கடை வாசலில் மழை படாத இடத்தில் பெரிய சிலேட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். டிசம்பர் 22 அன்று காலையில் ஒரே ஒரு கணக்கு எழுதுங்கள். லண்டனில் அவர் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அவரைப் பார்க்கக் கணித மேதை ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது: 1728-ம் 1-ம், 1000-மும் 729-ம். பிள்ளைகளுக்குக் கன எண் வேண்டாம், வர்க்க எண்ணில் கேளுங்கள்: "65-ஐ இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுது." 64-ம் 1-ம், 49-ம் 16-ம். பரீட்சைக்குப் போகும்போது பார்க்கும் பிள்ளை, திரும்பி வரும்போது விடை சொல்லும். சிலேட்டில் விடை எழுதி முழங்கையால் அழித்துவிட்டுப் போகட்டும். சரியாகச் சொன்னவர் பெயரை விடுமுறை முடியும்வரை கடைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். பெயரைப் பார்க்கவே வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அம்மாக்களையும் மறக்காதீர்கள். அது மார்கழி. விடியற்காலையில் வாசலில் புள்ளி வைப்பவர்களுக்கு, புள்ளி அச்சடித்த கோல நோட்டும் கலர் பென்சிலும் சேர்த்து ஒரே விலையில் வையுங்கள், கணக்காளர் சார் சொன்ன மாதிரி. நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி எல்லாம் கணக்குத்தானே. கணித தினத்தன்று அதையும் மேசையில் வைத்தால் பொருத்தமாகவே இருக்கும்.

சிலேட்டைப் பற்றி ஒரு விஷயம். தகரத்திலும் ப்ளாஸ்டிக்கிலும் வருவது வேண்டாம், பலப்பம் அதில் சரியாக விழாது. மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டாகக் கேளுங்கள். ஆந்திரா மார்க்காபூர் கல் நன்றாக இருக்கும். டிசம்பரில் தனியாகக் கேட்டால் மொத்த வியாபாரி கொடுக்க மாட்டார், விஜயதசமிக்கு வாங்கும்போதே சேர்த்து வாங்கி, வைக்கோல் போட்டுப் பெட்டியில் வையுங்கள். ஓரம் உடைந்து வந்தால் பிரித்த அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கும்பகோணம் ஸ்டேஷனரி:

அண்ணா, மாடியில் மாமனார் காலத்துக் கல் சிலேட்டு ஒரு கட்டு அப்படியே இருக்கிறது, சட்டம் மட்டும் ஆடுகிறது. தச்சரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஈரோடு சார், கடை திறந்தது ஆவணி மாதம் என்று மட்டும் அத்தை சொல்கிறார்கள், தேதிக்குப் பழைய கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிவகாசி அண்ணா, ஆல்பம் வந்ததும் மாதக் காலண்டர் மாதிரி இரண்டு அனுப்ப முடியுமா? கட்டத்தில் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று பார்த்துவிட்டு வாசகம் எழுதுகிறேன்.

சிவகாசி அச்சகம்:

அனுப்புகிறேன் அம்மா. ஒரு கட்டத்துக்கு இரண்டு சின்ன வரி பிடிக்கும். கௌரி பஞ்சாங்க நேரம் போடும் டிசைனை எடுக்காதீர்கள், அதில் இடம் இருக்காது.